பவர் மீட்டர் பெடல்: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்

மிதிக்கும் திறனை வாட்டில் அளந்து காட்டும் பவர் மீட்டர் பெடலைப் பற்றி, பெங்களூரின் அல்சூரில் வசிக்கும் இளைய நண்பர் ஒருவர் கேட்ட கேள்விக்கான பதில் இது. அவருக்கு வயது 38, எடை 70 கிலோ. வாரத்தில் மூன்று நாள் விடியற்காலையில் சைக்கிள் ஓட்டுகிறார். நந்தி மலையை இப்போதைவிட விரைவாக ஏற வேண்டும், அடுத்த பருவத்தில் 200 கிலோமீட்டர் பிஆர்எம் (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சைக்கிள் பயணம்) ஒன்றை முடிக்க வேண்டும் என்பவை அவருடைய இலக்குகள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வலது முழங்காலில் லிகமென்ட் காயம் ஏற்பட்டுத் தேறியிருக்கிறார். "மார்பில் கட்டும் இதயத்துடிப்புப் பட்டை ஏற்கெனவே இருக்கிறது, அண்ணா. அதற்கு மேல் பவர் மீட்டர் பெடலுக்குச் செலவழிப்பதில் பொருள் உண்டா? உண்டென்றால் ஒரு பக்கம் மட்டும் அளப்பது போதுமா, இரண்டு பக்கமும் வேண்டுமா? வாங்கியபின் எப்படிப் பயிற்சி செய்வது?" என்று கேட்டிருந்தார்.

பொருள் உண்டு, உங்கள் முழங்காலை மனத்தில் வைத்துச் சொல்வதானால், இரண்டு பக்கமும் அளக்கும் பெடலையே வாங்குங்கள். ஆனால் ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திவிட விரும்புகிறேன். இந்தக் கருவி நம்மை இன்னும் வலுவாக மிதிக்கத் தூண்டும் என்ற எண்ணத்தில்தான் பெரும்பாலானோர் இதை வாங்குகிறார்கள். வாரத்தில் ஆறேழு மணி நேரம் மட்டும் ஓட்டக் கிடைக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இது செய்யும் பெரிய உதவி நேர்மாறானது: எங்கே அடக்கி ஓட்ட வேண்டும் என்பதை இது காட்டுகிறது. அதைக் கேட்டு நடக்கும் மனம் இல்லையென்றால் இந்தப் பணத்தை நல்ல டயர்களுக்கும் சைக்கிளை உடலுக்கேற்றபடி சரிசெய்துகொள்வதற்கும் செலவிடுவது மேல்.

பெடல் எதை அளக்கிறது என்பது புரிந்தால் பிற கேள்விகள் பாதி தீர்ந்துவிடும். பெடலின் வெளிப்பகுதி ஒரு எஃகு அச்சைச் சுற்றிச் சுழல்கிறது. அந்த அச்சோ கிராங்கில், அதாவது பெடலைத் தாங்கிச் சுழலும் கைப்பகுதியில், திருகி இறுக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் மிதிக்கும்போது அந்த அச்சு கண்ணுக்குப் புலப்படாத அளவில் வளைகிறது. அதில் ஒட்டப்பட்டுள்ள ஸ்ட்ரெயின் கேஜ் என்னும் மெல்லிய பட்டை அந்த வளைவோடு சேர்ந்து நீளும்போதும் சுருங்கும்போதும் அதன் மின்தடை மிகச் சிறிதளவு மாறுகிறது. அந்த மாற்றத்தைக் கொண்டு விசை கணக்கிடப்படுகிறது. நீங்கள் கொடுக்கும் விசை முழுவதும் சைக்கிளை நகர்த்துவதில்லை. கிராங்கைச் சுழற்றும் திசையில் விழும் பகுதி மட்டுமே கணக்கில் சேரும். அந்த விசையைக் கிராங்கின் நீளத்தால் பெருக்கினால் முறுக்குவிசை. முறுக்குவிசையைச் சுழலும் வேகத்தால் பெருக்கினால் வாட்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 170 மில்லிமீட்டர் கிராங்கில், நிமிடத்துக்கு 90 சுற்று என்ற கேடன்ஸில், 200 வாட் கொடுக்கிறீர்கள் என்றால், ஒரு சுற்று முழுவதற்கும் இரண்டு கால்களும் சேர்ந்து தரும் சராசரி விசை ஏறத்தாழ 125 நியூட்டன், அதாவது 13 கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடைக்கு ஈடானது. அதே 200 வாட்டை 60 சுற்றில் கொடுத்தால் அது 187 நியூட்டன், ஏறத்தாழ 19 கிலோ. இவை சராசரிகள்தாம், கால் கீழே அழுந்தும் தருணத்தில் விசை இதைவிடக் கணிசமாகக் கூடும். வாட் ஒன்றே என்றாலும் முழங்கால் தாங்கும் சுமை ஒன்றல்ல என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. ஆகவே நந்தியில் கனமான கியரில் மெல்ல அழுத்தி ஏறும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், பெடல் வாங்குவதற்கு முன்பே அதை விட்டுவிடுங்கள். பின்சக்கரத்தில் இன்னும் பெரிய பல்சக்கரம் தேவைப்பட்டால் அதை முதலில் மாற்றிக்கொள்ளுங்கள்.

சைக்கிளில் திறனை நேரடியாக அளக்கும் கருவி புதிதன்று. ஜெர்மனியைச் சேர்ந்த பொறியாளர் உல்ரிக் ஷோபரர் 1986-இல் எஸ்ஆர்எம் என்ற பெயரில் தொடங்கிய முயற்சியிலிருந்து கிராங்க் வழியாக அளக்கும் முறை வளர்ந்தது. பெடலுக்குள் அதே வேலையைச் செய்வது கடினமாக இருந்ததால், கார்மின் நிறுவனத்தின் வெக்டர் பெடல் 2013-இல்தான் கடைக்கு வந்தது. இத்தாலியின் ஃபவேரோ நிறுவனத்தின் அசியோமா 2017-இலும் கார்மின் ராலி 2021-இலும் வந்தன. அசியோமாவின் பேட்டரி மறுமின்னேற்றம் செய்யத்தக்கது, ஒரு முறை ஏற்றினால் குறைந்தது 50 மணி நேரம் வரும் என்கிறார்கள்; 2021-இல் வந்த ராலியில் சிறு பொத்தான் பேட்டரி, 120 மணி நேரம் வரை. இரண்டுமே தமது துல்லியத்தைக் கூட்டியோ குறைத்தோ 1 விழுக்காடு என்று அறிவித்திருக்கின்றன. இந்த அளவு துல்லியம் நமக்குப் போதும். எந்த நிறுவனத்தின் பெடல் என்பதைவிட, உங்கள் காலணியில் எந்த வகை க்ளீட் (காலணியைப் பெடலோடு பிணைக்கும் துண்டு) பூட்டியிருக்கிறது என்பதே தேர்வைத் தீர்மானிக்க வேண்டும். பிஆர்எம்மில் கட்டுப்பாட்டு நிலையங்களிலும் வழியோரக் கடைகளிலும் இறங்கி நடக்க வேண்டியிருக்கும் என்பதால், க்ளீட் காலணியின் அடிப்பாகத்துக்குள் பதிந்திருக்கும் எஸ்பிடி வகையை நான் பரிந்துரைப்பேன். அவ்வகைக்கேற்ற பவர் பெடல்கள் இப்போது இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வந்தால் விலை குறையலாம். ஆனால் பழுதானால் யாரிடம் கொடுப்பது என்பதை வாங்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு பக்கமா, இரண்டு பக்கமா என்பதற்கு வருகிறேன். ஒரு பக்கம் மட்டும் அளக்கும் பெடல் இடது காலின் திறனை அளந்து, அதை இரண்டால் பெருக்கிக் காட்டுகிறது. இரண்டு கால்களும் எப்போதும் ஒரே விகிதத்தில் உழைத்தால் அதில் பெரிய குறை இல்லை. எண் சற்றுக் கூடுதலாகவோ குறைவாகவோ இருந்தாலும் நேற்றைய எண்ணோடு இன்றைய எண்ணை ஒப்பிடலாம். காயம்பட்ட காலுள்ளவருக்கு இந்த அடிப்படையே சரிந்துவிடுகிறது. உங்கள் வலது கால் இன்னும் முழு வலுப் பெறவில்லை, இடது கால் 54 விழுக்காடு சுமையை ஏற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மெய்யான திறன் 200 வாட் என்றால் இடது காலின் பங்கு 108. ஒருபக்கப் பெடல் உங்களுக்கு 216 என்று காட்டும். நான்கு மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்கிறீர்கள், வலது கால் தேறிச் சமநிலைக்கு வருகிறது, மொத்தத் திறன் 206 ஆக உயர்கிறது. இப்போது இடது காலின் பங்கு 103. பெடல் காட்டுவது 206. மெய்யாக 6 வாட் முன்னேறியிருக்கிறீர்கள். திரையோ 10 வாட் பின்னடைந்ததாகச் சொல்கிறது. இதை நம்பி ஒருவர் பயிற்சியைக் கூட்டினால், தேறிவந்த முழங்காலை மீண்டும் கெடுத்துக்கொள்வார். காயமில்லாத ஒருவர் கேட்டிருந்தால் ஒரு பக்கமே போதும், மிச்சமாகும் பணத்தைச் சேமியுங்கள் என்று தயங்காமல் சொல்லியிருப்பேன்.

இடது, வலது விகிதம் தவிர, பெடல் எவ்வளவு சீராகச் சுழல்கிறது, விசை பாதத்தின் எந்தப் பகுதியில் விழுகிறது என்பன போன்ற பல வரைபடங்களையும் சில பெடல்கள் தருகின்றன. பார்க்க அழகானவை. அவற்றைக் கொண்டு என் பயிற்சியில் ஒரு முடிவைக்கூட நான் மாற்றியதில்லை.

பெடல்களுக்குள்ள பெரிய நன்மை, ஒரு சைக்கிளிலிருந்து கழற்றி இன்னொன்றில் சில நிமிடங்களில் மாட்டிவிடலாம் என்பது. தவறு நுழைவதும் அந்த வழியாகத்தான். மழைக்காலத்தில் வீட்டுக்குள் ட்ரெய்னரில் (சைக்கிளைப் பொருத்தி நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் கருவி) ஓட்டுவதற்காக 165 மில்லிமீட்டர் கிராங்குள்ள பழைய சைக்கிளுக்கு ஒரு முறை பெடலை மாற்றினேன். பெடலில் முன்பு பதிந்து வைத்திருந்த கிராங்க் நீளமான 172.5 மில்லிமீட்டர் அப்படியே இருந்துவிட்டது. கணக்கில் கிராங்கின் நீளம் நேரடிப் பெருக்கல் என்பதால் எல்லா எண்களும் 4.5 விழுக்காடு உயர்ந்தன. 200 வாட் மிதித்தால் 209 என்று காட்டியது. ஒரு மாதம் முழுவதும் நான் முன்னேறிவிட்டதாகவே நம்பி, அந்த எண்ணை அடிப்படையாக வைத்து அடுத்த மாதத்தின் பயிற்சி அளவுகளையும் வகுத்தேன். மூன்றாவது வாரத்திலேயே ஓய்ந்துபோய்க் காய்ச்சலில் படுத்தேன். அதனால்தான் சொல்கிறேன்: சைக்கிள் மாறினால் முதலில் கிராங்க் நீளத்தைச் சரிபாருங்கள். அது கிராங்கின் உட்புறத்தில் பொறிக்கப்பட்டிருக்கும்.

மாட்டும்போது இடது பெடலின் மரை எதிர்த்திசையில் இறுகும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மரையில் சிறிது கிரீஸ் தடவி, கையேட்டில் சொல்லியுள்ள அளவுக்கு இறுக்குங்கள்; அரைகுறையாக இறுகிய அச்சு தவறான எண்ணைத் தரும். சென்சார் பகுதி கிராங்க் மீதோ, சங்கிலி வெளிப்புறத்தில் ஓடும்போது அதன் மீதோ உரசுகிறதா என்று கையால் சுழற்றிப் பாருங்கள். உரசினால் வாஷர் போட வேண்டும். முதல் பயணத்தில் நான்கைந்து முறை முழு வலுவோடு மிதித்துவிட்டு, நின்று, மறுபடி சுழியமாக்குங்கள்.

சுழியமாக்குதல் என்பது, பெடலின் மீது எந்த விசையும் இல்லாதபோது இதுதான் பூஜ்ஜியம் என்று கருவிக்குச் சொல்லித் தருவது. உலோகம் வெப்பத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்குவதால் இது முக்கியமாகிறது. டிசம்பர் விடியலில் பெங்களூரில் வெப்பநிலை 15 பாகைக்கு அருகில் இருக்கும். வீட்டுக்குள் அதைவிடப் பல பாகை கூடுதல். உள்ளே சுழியமாக்கிவிட்டு வெளியே புறப்படுவதற்குப் பதிலாக, சைக்கிளை வாசலில் பத்துப் பதினைந்து நிமிடம் நிறுத்திவையுங்கள். நீங்கள் காலணி மாட்டித் தண்ணீர்ப் புட்டியை நிரப்பிக் காப்பி குடித்து முடிப்பதற்குள் பெடல் வெளிக்குளிருக்குப் பழகிவிடும். பின்பு காலை வைக்காமல் சுழியமாக்கிப் புறப்படுங்கள். இன்றைய பெடல்கள் வெப்பநிலை மாற்றத்தைத் தாமாகவே ஓரளவு ஈடுசெய்கின்றன. எனினும் இந்தப் பழக்கத்தை விடாதீர்கள். மழையில் நனைந்து வந்த நாளில் மின்னேற்றும் முனைகளையோ பேட்டரி மூடியையோ உலரத் துடைத்த பிறகே தொடுங்கள்.

வீட்டில் ஸ்மார்ட் ட்ரெய்னர் இருந்தால், அது காட்டும் எண் பெடல் காட்டுவதைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். பெடல் அளப்பது சங்கிலிக்கு முன்பு. ட்ரெய்னர் அளப்பது சங்கிலியின் உராய்வில் சில வாட் கரைந்த பிறகு. இரண்டில் எது சரி என்று மனம் உளைய வேண்டாம். உள்ளேயும் வெளியேயும் பெடலின் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இனிப் பயிற்சி. முதல் மூன்று வாரம் எதையும் மாற்றாமல் வழக்கம்போல ஓட்டுங்கள், எண்கள் பதிவாகட்டும். அதன்பின் உங்கள் எஃப்டிபியைக் கண்டறிய வேண்டும். ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்துத் தரக்கூடிய உச்சத் திறன் என்று அதைப் புரிந்துகொள்ளலாம். நன்றாக உடலைச் சூடேற்றிய பின் 20 நிமிடம் முடிந்த வரை வலுவாக, ஆனால் சீராக ஓட்டி, அதன் சராசரியில் 95 விழுக்காட்டை எடுத்துக்கொள்வது பரவலான முறை. 210 வாட் வந்தால் எஃப்டிபி ஏறத்தாழ 200. இந்த ஊரில் சிக்னலோ வேகத்தடையோ இல்லாமல் 20 நிமிடம் ஓட்டக்கூடிய சமதளச் சாலையைத் தேடுவது வீண். நந்தி மலையின் ஏற்றம் ஏழெட்டு கிலோமீட்டர் நீள்வதால் அதுவே இதற்கு ஏற்ற இடம். ஆனால் அல்சூரிலிருந்து ஹெப்பால், எலஹங்கா, தேவனஹள்ளி வழியாக ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டிச் சென்று, களைத்த காலோடு சோதித்தால் முடிவு குறைவாகவே வரும். அன்று ஒரு நாள் மட்டும் சைக்கிளைக் காரில் ஏற்றிச் செல்லுங்கள்.

எஃப்டிபி தெரிந்தால், அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் ஆண்ட்ரூ கோகன் வகுத்த ஏழு நிலைகளை அதிலிருந்து கணக்கிடலாம். உங்களுக்கு அவற்றில் மூன்றே போதும். எஃப்டிபியில் 56 முதல் 75 விழுக்காடு வரை நீண்டநேரத் தாங்குதிறனுக்கு. 200 வாட்டுக்கு அது 112 முதல் 150. எஃப்டிபியை ஒட்டிய 91 முதல் 105 விழுக்காடு மலையேற்றத்துக்கு. அது 182 முதல் 210. அதற்கும் மேலே 120 விழுக்காடு வரை மூன்று முதல் ஐந்து நிமிடக் குறும்பயிற்சிகளுக்கு. வாரத்தின் மூன்று நாட்களில் ஒரு நாள் மட்டுமே கடினம். அன்று 182 முதல் 195 வாட்டுக்குள் பத்து நிமிடம் மூன்று முறையும், இடையில் ஐந்து நிமிட ஓய்வும் போதும். இன்னொரு நாள் ஒன்றரை மணி நேரம், 150-ஐத் தாண்டாமல். ஞாயிறன்று நீண்ட பயணம், அதுவும் பெரும்பகுதி 150-க்குள்.

இந்த 150 வாட் என்ற எல்லைதான் பலருக்கும் மிகக் கடினமான பயிற்சி. குழுவாகப் போகும்போது பெல்லாரி சாலையின் மேம்பாலம் ஒன்று வந்ததும் யாரோ ஒருவர் வேகமெடுப்பார். பின்னால் ஒட்டிக்கொள்ள 280, 300 வாட் போகும். ஒன்றிரண்டு முறை என்றால் பரவாயில்லை. பயணம் முழுவதும் இப்படியே போனால், இலேசாக ஓட்ட வேண்டிய நாள் நடுத்தரக் கடினமாகிவிடும், அதன் களைப்பு கடினமான நாளையும் கெடுக்கும். பெடல் வாங்கிய பலர் முதல் மாதத்தில் கண்டறிவது, தாம் எப்போதுமே மெதுவாக ஓட்டியதில்லை, அதனாலேயே எப்போதும் வேகமாகவும் ஓட்ட முடிந்ததில்லை என்பதைத்தான். அந்த ஞாயிறுகளில் தனியாக ஓட்டுங்கள், அல்லது உங்களைவிட மெல்ல ஓட்டும் நண்பரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதயத்துடிப்புப் பட்டை போதாதா என்று கேட்டீர்கள். தூக்கி எறியாதீர்கள், இரண்டும் வேண்டும். வாட் என்பது நீங்கள் சைக்கிளுக்குக் கொடுப்பது. இதயத்துடிப்பு என்பது அதற்காக உங்கள் உடல் செலுத்தும் விலை. ஏற்றம் தொடங்கியதும் வாட் உடனே உயரும். இதயத்துடிப்பு அந்த உழைப்பை எட்ட ஒரு நிமிடம்கூட ஆகலாம். முதல் நிமிடத்தில் துடிப்பு குறைவாக இருப்பதைப் பார்த்து ஏமாந்து அதிகமாக மிதித்துவிடுவோம். மாறாக, ஒரே 140 வாட்டில் இரண்டு மணி நேரம் ஓட்டும்போது முதல் மணியைவிட இரண்டாம் மணியில் துடிப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது வாட்டால் மட்டும் தெரியாது. 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் அடித்தளம் வலுவாக இருக்கிறது என்று பயிற்சியாளர்கள் கொள்கிறார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போய்ச் சென்னையிலிருந்து மாமல்லபுரம் சாலையில் ஓட்டினால் இன்னொன்றையும் காண்பீர்கள். பெங்களூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், கடல்மட்டத்தில் சற்றுக் கூடுதல் வாட் வர வேண்டும். ஆனால் வெயிலும் புழுக்கமும் ஏறியபின் அதே வாட்டுக்குத் துடிப்பு எகிறும். அந்த நாளில் வாட்டைப் பிடித்துத் தொங்காமல் துடிப்புக்குக் கட்டுப்படுங்கள்.

நந்தி ஏற்றத்துக்கு வருவோம். சைக்கிளும் தண்ணீரும் சேர்த்து உங்கள் மொத்த எடை 80 கிலோ என்று கொண்டால், 6 விழுக்காடு ஏற்றத்தில் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்துக்குப் புவியீர்ப்பை வெல்லவே 157 வாட் வேண்டும். டயர் உருளும் தடையும் காற்றும் சேர்ந்து 175 முதல் 180. அடிவாரத்தில் கால் புத்துணர்வோடு இருப்பதால் 240 வாட்கூட எளிதாகவே தோன்றும், அங்கேதான் நேரம் தொலைகிறது. முதல் பத்து நிமிடம் 190-ஐத் தாண்டுவதில்லை என்று உறுதி எடுங்கள். உங்களைக் கடந்து போகிறவர்கள் போகட்டும். கடைசி இரண்டு கிலோமீட்டரில் மிச்சமிருப்பதைக் கொடுங்கள். திரையில் நொடிக்கு நொடி துள்ளும் எண்ணுக்குப் பதிலாக மூன்று அல்லது பத்து நொடிச் சராசரியை வைத்துக்கொண்டால் பார்வைக்கு அமைதியாக இருக்கும்.

பிஆர்எம்மில் 200 கிலோமீட்டருக்கு 13.5 மணி நேரம் அனுமதி. அதற்குத் தேவைப்படுவது வேகத்தைவிட அடக்கமும் உணவும். அங்கே வாட் இன்னொரு வகையில் உதவும்: பெடல் கணக்கிடும் வேலை கிலோஜூலில் எவ்வளவோ, அதற்கு உடல் எரிக்கும் ஆற்றல் ஏறத்தாழ அதே எண்ணிக்கை கிலோகலோரி. 120 வாட் சராசரியில் எட்டு மணி நேரம் மிதித்தால் ஏறத்தாழ 3,450. ஒரு நடுத்தர வாழைப்பழம் 100 என்று கொண்டால், பசி தெரியும்வரை காத்திருப்பது எவ்வளவு தவறு என்று விளங்கும். மணிக்கு ஒரு முறை உண்ணுங்கள். ஏற்றங்களில் 170 வாட்டைத் தாண்டாதீர்கள்.

முழங்காலைப் பற்றிக் கடைசியாக ஒன்று. முதல் மூன்று வாரப் பதிவுகளில், இலேசாக ஓட்டும்போது உங்கள் இடது, வலது விகிதம் எவ்வளவு, ஏற்றத்தில் எவ்வளவு, மூன்று மணி நேரம் கடந்த பின் எவ்வளவு என்று குறித்துவையுங்கள். 52-க்கு 48 என்ற வேறுபாடு நலமான கால்களிலும் காணப்படுவதுதான். அதை 50-க்கு 50 ஆக்க வேண்டும் என்று வலிந்து முயலாதீர்கள். ஆனால் வழக்கமாக 52 காட்டும் இடது பக்கம், நீண்ட பயணத்தின் பிற்பகுதியில் 55, 56 என்று ஏறிக்கொண்டே போனால், வலி இன்னும் உணர்வுக்கு வராவிட்டாலும் வலது கால் தன்னைக் காத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டு அன்றைய பயணத்தைச் சுருக்குங்கள். மறுமுறை உங்கள் பிசியோதெரபிஸ்டிடம் போகும்போது அந்தப் பதிவைக் கைப்பேசியில் திறந்து, விகிதம் மாறத் தொடங்கிய இடத்தைக் காட்டிக் கேளுங்கள்.